வெள்ளைக் கூம்பு: ஒரு ‘மோசமான’ ஸ்பீக்கரின் கதை

போன வருஷம் எங்கள் மாமா பாடிய ஒரு வீட்டுக் கச்சேரியைப் பதிவு செய்தேன். சபா எல்லாம் இல்லை. அவர் வீட்டு ஹால், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், கேட்க இருபது பேர், ஒன்றேகால் மணி நேரம். மாமாவுக்கு எழுபத்து நாலு வயது. இந்தக் குரல் இன்னும் எத்தனை நாளைக்கு நிற்குமோ என்று அவரே சொல்லிக்கொண்டிருந்ததால், இதை உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம். நாலு மைக் வைத்துப் பிடித்ததை என் அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து மிக்ஸ் செய்து அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

“பாட்டெல்லாம் சரிடா. ஆனா மிருதங்கம் வாசிச்ச பையனோட இடது கையை யாராவது கட்டிப் போட்டிருந்தாங்களா?”

அவர் கேட்டது செல்போன் ஸ்பீக்கரில். நானும் போனில் போட்டுக் கேட்டேன். வலந்தலையின் சாப்பும் நம்மும் தெளிவாக இருந்தன. தொப்பி சுத்தமாகக் காணோம். கும்கி என்ற ஒன்றே அந்தக் கச்சேரியில் நடக்காத மாதிரி இருந்தது. சரி, போன் ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது, அதுதான் காரணம் என்று சமாதானம் செய்துகொண்டு காரில் போட்டேன். அங்கேயும் தொப்பி ஒல்லி. நண்பனின் ஹெட்போனிலும் ஒல்லி. ஆனால் என் அறையில் மட்டும் கும்மென்று கேட்டது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது, கணக்கு என்னவோ ஒரு வரிதான். என் அறை பத்தடிக்குப் பத்தடி, உயரமும் ஏறக்குறைய பத்தடி. ஒலி நொடிக்கு சுமார் 1130 அடி போகும். பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதி நிற்கும் முதல் அலை 56 ஹெர்ட்ஸ். அடுத்தது 113 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் இதே எண்கள். நான் நாற்காலியைப் போட்டிருந்தது அறையின் நட்டநடுவில். அந்த இடத்தில் 56 செத்துப்போகும், 113 எகிறும். இந்தப் பதிவில் கும்கி வழுக்கி ஏறும்போது அந்த 113-ஐத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. எனக்கு அது அதிகமாகக் கேட்டிருக்கிறது; நான் குறைத்திருக்கிறேன். உண்மையில் அந்தப் பையன் வாசித்தது சரியாகத்தான் இருந்தது. அவன் இடது கையைக் கட்டிப் போட்டது நான்தான்.

அப்போது என்னிடம் இருந்தவை ஹாலில் சினிமா பார்க்க வாங்கிய பெரிய ஸ்பீக்கர்கள். இனி மிக்ஸ் செய்வதற்கென்றே சின்னதாக ஒரு ஜோடி வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். வாங்கினேனா என்பது கடைசியில் வரும். தேடிய சாக்கில் நாலைந்து மாதம் படித்துக் கிடந்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் வந்தது: யமஹா என்.எஸ்.-10. கறுப்புப் பெட்டியில் வெள்ளைக் கூம்பு. ஸ்டூடியோ புகைப்படம் எதையாவது நினைவுபடுத்திப் பாருங்கள், மிக்ஸிங் கன்சோலின் மேல் படுக்கவைத்த நிலையில் கண்டிப்பாக இருக்கும். கூடவே ஒரு பழமொழியும் வந்தது: ‘அது ரொம்ப மோசமான ஸ்பீக்கர் சார். அதுல நல்லா கேட்டுதுன்னா உலகத்துல எங்கே போட்டாலும் நல்லா கேக்கும்.’

இந்தப் பழமொழி எனக்கு முதலிலிருந்தே உறுத்தியது. மோசமாக இருப்பதுதான் தகுதி என்றால், மோசமான ஸ்பீக்கருக்கா உலகத்தில் பஞ்சம்? எங்கள் வீட்டுப் பரணிலேயே இரண்டு இருக்கின்றன. அவற்றை வைத்து யாரும் ஆல்பம் மிக்ஸ் செய்யவில்லையே?

கொஞ்சம் பின்னால் போவோம்.

1960-களின் அமெரிக்க ஸ்டூடியோவில் கேட்கும் ஸ்பீக்கர் என்பது பெரிய சமாசாரம். ஆல்டெக் 604 போன்ற பதினைந்து அங்குலக் கூம்புகள், அலமாரி அளவுப் பெட்டிகளில், சுவரோடு பதிந்து நிற்கும். பாடல் போய்ச் சேரும் இடமோ வேறு. டிரான்சிஸ்டர் வானொலி, கார் டாஷ்போர்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ஓட்டை. மத்திய அலை ஒலிபரப்பில் மேல் ஸ்வரங்கள் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும், அதுவும் ஒற்றைச் சேனல். ஸ்டூடியோவில் ராஜகம்பீரமாகக் கேட்டது தெருவில் வேறாகக் கேட்டது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தில் கார் வானொலி ஸ்பீக்கரை ஸ்டூடியோவுக்குள்ளேயே வைத்துச் சரிபார்த்தார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். வாங்குகிறவன் எங்கே கேட்கிறானோ அங்கே நின்று கேட்பது.

அந்த எண்ணத்தை ஒரு பொருளாக விற்றவர் ஜாக் வில்சன். 1958-ல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய ஆரட்டோன் நிறுவனத்தின் 5சி என்ற மாடல் எழுபதுகளில் ஸ்டூடியோ தோறும் புகுந்தது. ஆறரை அங்குலக் கனசதுரம். உள்ளே ஒரே ஒரு கூம்பு. தாழ் ஒலிக்கு ஒன்று, மேல் ஒலிக்கு ஒன்று என்ற பிரிவினை கிடையாது. அதைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டும் கிடையாது. பின்னால் ஓட்டை இல்லாத, நாலா பக்கமும் மூடிய பெட்டி. அடிநாதமும் இல்லை, உச்சிநாதமும் இல்லை. பொறியாளர்கள் அதற்கு ‘ஹாரர்டோன்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். ஆனாலும் மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் (1982) ஆல்பத்தின் ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் அதை விட்டுப் பிரியாதவர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குரலின் உயிர் முழுக்க நடு அதிர்வெண்களில். இரண்டு கூம்பு ஸ்பீக்கரில் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் வேலை கைமாறும். ஒரு கூம்பு விட்டு இன்னொன்று எடுக்கும். ஆரட்டோனில் குரல் ஒரே வாயிலிருந்து வருகிறது. குரல் வயலினுக்கு மேலே நிற்கிறதா, கீழே போய்விட்டதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் அது பொய் சொல்லாது. வேறு கேள்வி கேட்டால் அதனிடம் பதில் கிடையாது, அவ்வளவுதான். இன்றைக்கு மாமாவின் செல்போன் செய்யும் வேலை இதுவே என்பதைக் கவனியுங்கள். நாம் சுற்றிச் சுற்றி ஒற்றைக் கூம்புக்கே வந்திருக்கிறோம்.

அட்லாண்டிக்கின் மறுபக்கம் பிபிசிக்கு வேறொரு தலைவலி. வெளியிட ஒலிபரப்பு வேனில் இடம் இல்லை, ஆனால் பொறியாளர் ஸ்டூடியோத் தரத்தில் கேட்டாக வேண்டும். எழுபதுகளின் நடுவில் அவர்களுடைய ஆராய்ச்சித் துறை எல்.எஸ்.3/5ஏ என்ற பெட்டியை உருவாக்கியது. ஓரடி உயரம்தான். இதுவும் மூடிய பெட்டி. இங்கே நோக்கம் நேரெதிர். கேட்பவனின் மட்டமான ஸ்பீக்கரைப் போலி செய்வதல்ல, பெரிய ஸ்பீக்கரின் நேர்மையைச் சின்னப் பெட்டிக்குள் அடக்குவது. மனிதப் பேச்சு பேச்சாகவே கேட்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். இத்தனைக்கும் அதிலும் ஒரு சின்னத் தில்லுமுல்லு உண்டு: 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு மேடு. கீழே இல்லாத பாஸ் இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். கெஃப் நிறுவனக் கூம்புகளைப் போட்டு, உரிமம் பெற்ற சில கம்பெனிகள் தயாரித்த இந்தப் பெட்டிகள் இன்று பழம்பொருள் சந்தையில் தங்க விலை. வாங்கும் எண்ணத்தை அன்றே கைவிட்டேன்.

இப்போது யமஹா. என்.எஸ்.-10 பிறந்தது 1978-ல், அகிரா நகமுரா வடிவமைத்தது. பலருக்குத் தெரியாத செய்தி, அது ஸ்டூடியோவுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. வீட்டுப் புத்தக அலமாரியில் நிமிர்த்தி வைத்துப் பாட்டுக் கேட்க. வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. உச்சி ஒலி கிறீச்சென்று இருக்கிறது, பாஸ் இல்லை என்றார்கள். விமர்சனமும் சரியில்லை, விற்பனையும் சரியில்லை. நியாயமாக அதோடு மறைந்திருக்க வேண்டிய சரக்கு.

அதைக் காப்பாற்றியது ஒலிப்பொறியாளர்களின் பிழைப்பில் வந்த ஒரு மாற்றம் என்று நினைக்கிறேன். முன்பு அவர்கள் ஒரு ஸ்டூடியோவின் மாதச் சம்பளக்காரர்கள். ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர், இருபது வருஷம். காது பழகிவிடும். எழுபதுகளின் இறுதியில் பேர்பெற்றவர்கள் தனியாள்களாகி, இன்று நியூயார்க், அடுத்த வாரம் லண்டன் என்று ஊர் ஊராக அலைய ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் வேறு அறை, சுவரில் வேறு பூதம். எதை நம்பி வேலை செய்வது? கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, தெரிந்த முகம் ஒன்று வேண்டியிருந்தது. ஆறு கிலோ எடையுள்ள என்.எஸ்.-10 அதற்கு வாகாக இருந்தது. கன்சோல் மேலேயே வைத்து மூன்றடி தூரத்தில் கேட்டால் அறையின் குரல் தணிந்து ஸ்பீக்கரின் குரல் ஓங்கும் என்பது கூடுதல் லாபம்.

இதைப் பரப்பியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் பாப் கிளியர்மவுண்டன். டேவிட் பவியின் லெட்ஸ் டான்ஸ் (1983), புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பார்ன் இன் தி யு.எஸ்.ஏ. (1984) எல்லாம் அவர் மிக்ஸ். அந்த ஆல்பங்கள் ஓடிய ஓட்டத்தில் அவர் என்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறார் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இதே பெருமையை வேறு சிலருக்குக் கொடுப்பவர்களும் உண்டு. யார் முதல் என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

ஆனால் டிஷ்யூ காகித விவகாரத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. உச்சி ஒலி கூசுகிறது என்பதால் கிளியர்மவுண்டன் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒட்டினார். உடனே உலகமெல்லாம் டிஷ்யூ. எந்த பிராண்டு, ஒரு தாளா இரண்டு தாளா, எவ்வளவு தள்ளி ஒட்டுவது என்று பெரியவர்கள் சீரியஸாக விவாதித்தார்கள். 1986-ல் பாப் ஹோடஸ் என்பவர் விதவிதமான காகிதங்களை வாங்கி, ஒட்டி, அளந்தே பார்த்துவிட்டார். காகிதம் ஒலியைச் சீராகக் குறைக்கவில்லை. கொஞ்சத்தை ட்வீட்டர் பக்கமே திருப்பி அனுப்பி, சில அதிர்வெண்களைக் கடித்து வைக்கிறது என்று தெரிந்தது. மறுவருஷம் யமஹாவே உச்சி ஒலியைத் தணித்து, படுக்கவைத்தால் எழுத்து நேராகத் தெரியும்படி அச்சிட்டு, ‘ஸ்டூடியோ’ என்று பெயர் சேர்த்து விட்டது. வீட்டில் தோற்ற பிள்ளை வெளியூரில் பெயரெடுத்த பிறகு அப்பா வந்து சட்டை தைத்துக் கொடுத்த மாதிரி.

சரி, பழமொழிக்கு வருவோம். மோசமானதா, இல்லையா?

2001-ல் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் உள்ளிட்டோர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இருபது வருஷமாக இந்த ஸ்பீக்கர் ஏன் அளவுகோலாக இருக்கிறது என்பதே கேள்வி. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், எதிரொலியே இல்லாத அறையில், முப்பதுக்கும் மேற்பட்ட சின்ன ஸ்பீக்கர்களை அளந்து ஒப்பிட்டிருந்தார்கள். அதிர்வெண் வரைபடத்தில் என்.எஸ்.-10 அழகி இல்லை. 1500–2000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு. கீழே, பாஸ் சீக்கிரமே சரிய ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் வாங்குபவர்கள் வழக்கமாகப் பார்க்கும் படம் இதுதான், இதில் அது தேறாது.

அவர்கள் இன்னொரு படத்தையும் பார்த்தார்கள். சத்தம் கொடுத்து நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது? அங்கேதான் கதை மாறியது. என்.எஸ்.-10 சொன்னவுடன் நிறுத்தியது, அதுவும் தாழ் அதிர்வெண்களில். ஒப்பிடப்பட்டவற்றில் அது மிக வேகமாக அடங்கும் கூட்டத்தில் இருந்தது. உருக்குலைவும் குறைவு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு காலி பாட்டில் போதும். வாயில் குறுக்கே ஊதினால் ஊம் என்று கேட்கும். சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது இதே தந்திரம். கூம்பால் முடியாத தாழ் ஒலியைப் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஊதிக் கொடுக்கும். ஐந்து அங்குலக் கூம்பை வைத்துக்கொண்டு பெட்டிமேல் பெரிய பாஸ் எண்ணை அச்சடிக்க முடிவது இதனால்தான். விலை என்ன என்றால், ஊஞ்சலைத் தள்ளுவதை நிறுத்தினாலும் அது இரண்டு ஆட்டம் ஆடித்தான் நிற்கும். மிருதங்கக்காரர் இடது கையை அழுத்தி நாதத்தை அடக்கிவிட்டார், பெட்டி இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. நீளமாகக் கேட்பது தொப்பியா பெட்டியா என்று மிக்ஸ் செய்பவனுக்குத் தெரியாது. மூடிய பெட்டியில் பாஸ் குறைவு, ஆனால் உள்ளது உள்ளபடி தொடங்கி உள்ளபடி முடியும். என்.எஸ்.-10 மூடிய பெட்டி. ஆரட்டோன் மூடிய பெட்டி. பிபிசியின் பெட்டியும் அப்படியே. மூன்று கதைகளையும் தனித்தனியாகப் படித்து முடித்த பிறகுதான் இந்த ஒற்றுமை எனக்கு உறைத்தது.

ஆக, பழமொழி பாதி தப்பு. அது மோசமாக இருந்ததால் அல்ல, ஒரு விஷயத்தில் மோசமாகவும் இன்னொன்றில் மிக நன்றாகவும் இருந்ததால்தான் நிலைத்தது. வீட்டில் பாட்டு ரசிப்பவருக்கு முதல் விஷயம் முக்கியம், மிக்ஸ் செய்பவருக்கு இரண்டாவது. எல்லா ஸ்டூடியோவிலும் இருந்ததால் எல்லோரும் பழகிக்கொண்டார்கள், வேறொன்றும் இல்லை என்று வாதிடுபவர்களையும் நான் ஒதுக்கவில்லை. பிறகு வந்த ஆயிரக்கணக்கானோருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலில் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பின்பற்ற முன்மாதிரி இல்லை. அவர்கள் காதை நம்பித்தான் எடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டுரை வந்த அதே 2001-ல் யமஹா உற்பத்தியை நிறுத்தியது. அந்த வெள்ளைக் கூம்பு வழக்கம்போல் கூழை அச்சில் ஊற்றிச் செய்ததல்ல. தட்டையான காகிதத் தாளை வெட்டி, சுருட்டி, ஒட்டியது. பக்கத்தில் பார்த்தால் ஒட்டு தெரியும், நம்மூர்க் கடலைப் பொட்டலம் மாதிரி. அதற்கான மரக்கூழ் கிடைக்காமல் போயிற்று. 2008-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தபோது அது கடையில் இல்லை.

இன்று கடையில் இருப்பது? யமஹாவின் எச்.எஸ். வரிசை, அதே வெள்ளைக் கூம்போடு. 2013-ல் வந்த எச்.எஸ்.5-ஐத் திருப்பிப் பாருங்கள், முதுகில் ஓட்டை இருக்கும். கெட்ட ஸ்பீக்கர் என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழைய பேருக்காக வாங்குபவர் வாங்குவது நிறத்தை மட்டும்தான். அவன்டோன் என்ற கம்பெனி மூடிய பெட்டியாகவே என்.எஸ்.-10-க்கு ஒரு நகலும் ஆரட்டோனுக்கு ஒரு நகலும் செய்கிறது. முன்னதன் இறக்குமதி விலையைக் கேட்டுவிட்டு ஒரு காபி சாப்பிட்டு வந்துவிட்டேன். நான் போன இன்னொரு கடையில் விற்பனையாளர் ஒவ்வொரு ஜோடியையும் இயக்கிக் காட்டி “பாஸ் பாருங்க சார், பாஸ் பாருங்க” என்றார். போட்டது ஒரே குத்துப் பாட்டு. நிறுத்தின பிறகு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும், நடுநடுவே சட்டென்று நிறுத்துங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசியில் வாங்கியது ஒரு நண்பர் விற்ற பழைய ஐந்தங்குல ஜோடி. ஓட்டை உள்ளதுதான், ஆனால் அடைக்கப் பஞ்சு போன்ற மூடிகள் கூடவே வருகின்றன. அடைத்ததும் பாஸ் சட்டென்று ஒல்லியானது. மாமா சொன்ன ஒல்லி. மூன்றடி தூரத்தில், காது உயரத்தில், நாற்காலியை அறை நடுவிலிருந்து சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டேன். அருகில் ஆரட்டோன் இடத்தில், பரணிலிருந்து எடுத்த ஒற்றைக் கூம்பு ஸ்பீக்கர் ஒன்று. அதில் ஒற்றைச் சேனலாக, பேச்சுச் சத்த அளவில் மட்டும் கேட்பது. பரண்காரனுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

மாமாவின் பதிவை மறுபடி எடுத்தேன். வெட்டிய 113-ஐத் திருப்பிக் கொடுத்தேன். போனுக்காக வேறொன்று செய்ய வேண்டியிருந்தது. தொப்பியின் அடிநாதம் போனில் வராது, ஆனால் அந்த அடியோடு 200, 300, 400 என்று மேலே ஒட்டிக்கொண்டு வரும் கிளை அதிர்வுகள் வரும். அவற்றை லேசாக உயர்த்தினால் இல்லாத அடியைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பரண் ஸ்பீக்கரில் கும்கி வழுக்குவது தெரியும்வரை உயர்த்தினேன், பெட்டிகளில் உறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது.

அனுப்பி வைத்தேன். இந்த முறை மூன்று நாள் கழித்துத்தான் போன்.

“மிருதங்கம் வந்துடுத்து. அந்தப் பையன் கிட்டயும் போட்டுக் காட்டினேன், சந்தோஷப்பட்டான். ஆனா தம்புரா எங்கடா போச்சு?”

இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.